சத்தம் கேட்காத வளைவில் சிவப்புக் கொடி

முதல் பெட்டியின் முகமே! மூன்று பெட்டிகளுக்கும் விழியே! முப்பத்தோர் ஆண்டுகள் மழையிலும் பனியிலும் மலை ரயிலை ஏற்றி இறக்கி இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் கொடியக்காவே! வணக்கம்.

தங்கள் நற்பண்புகளை வரிசையாக அடுக்கத்தான் உட்கார்ந்தோம். பேனாவைத் திறந்ததும் அந்த ஒரு காலைப்பொழுதுதான் எல்லோர் நினைவிலும் முந்திக்கொண்டு வந்து நின்றது. அதையே சொல்கிறோம். முடியும்வரை அக்கா குறுக்கே பேசக் கூடாது.

நூறாண்டைத் தாண்டிய நம் நீராவி எஞ்சின் மலையேறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாது. முதல் பெட்டியின் வெளிமேடையில் பிரேக் சக்கரத்தைப் பிடித்து நிற்பவர் பச்சை காட்டினால் வண்டி நகரும், சிவப்பு காட்டினால் நிற்கும். அவ்வளவுதான் சட்டம்.

அன்று அந்தப் பெட்டியில் அக்காவின் குடும்பமே உல்லாசப் பயணம் வந்திருந்தது. கணவர், மகன், புது மருமகள், அவளுடைய அப்பா. சம்பந்திக்குத் தன் ரயிலைக் காட்ட அக்காவுக்கு அத்தனை ஆசை. ஆனால் மனதுக்குள் ஒரு முள். பாறை நிழலை விழுந்த பாறையென்று நினைத்து வண்டியை நிறுத்தியதற்காக முந்தைய மாதம்தான் மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. இன்னொரு முறை காரணமின்றி நிறுத்தினால் முன்மேடை கிடையாது, சாமான் அறைதான்.

மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்றுதான் விட்டிருந்தது. ஓடைப்பாலத்துக்கு முந்தைய வளைவில் அக்கா சிவப்புக் கொடியை நீட்டினார்.

"பாலம் நல்லாத்தானே இருக்கு?" என்று கணவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"இருக்கு. தண்ணிச் சத்தத்தைத்தான் காணோம். பெஞ்ச மழைக்கு அது காதைப் பொளக்கணும்."

சம்பந்தி சிரித்தார். "சத்தம் கேட்டு நிறுத்துவாங்க. கேக்கலன்னு நிறுத்தறதை இப்பதான் பாக்கறேன், சம்பந்தியம்மா!"

"எல்லாரும் பாக்கறாங்கம்மா..." மகன் பல்லைக் கடித்தான்.

"அத்தை கையில இன்னும் சிவப்புதான் இருக்கு. பேசாம உக்காருங்கப்பா" என்றாள் மருமகள்.

பத்து நிமிடம். பதினைந்து. பாலத்தடியில் வெறும் கூழாங்கற்கள். நிழலுக்குப் பயந்தவள் இன்று மௌனத்துக்கும் பயந்துவிட்டேனா? அக்காவின் கை இரண்டு முறை பச்சைக் கொடியின் பக்கம் போய்த் திரும்பியது.

வியர்வையும் கரியுமாக ஓட்டுநர் முன்னால் வந்தார். "அக்கா, பாய்லர்ல தண்ணி இறங்கிட்டே இருக்கு. மேல் ஸ்டேஷன் போனாத்தான் நிரப்ப முடியும். பச்சை காட்டுங்க."

"மேல எங்கயோ தண்ணி அடைச்சுக்கிட்டு நிக்குது தம்பி."

"பாத்தீங்களா?"

"பாக்கல."

"அப்புறம் என்னக்கா?"

அக்கா பச்சைக் கொடியை உருவி ஓட்டுநர் கையில் திணித்தார். "இந்தாங்க. இங்க நின்னு நீங்களே காட்டுங்க. நான் பிரேக்கைத் தளர்த்தறேன்."

எஞ்சினில் உதவியாளர் கொடிக்காகக் காத்திருந்தார். பத்தொன்பது ஆண்டுகள் இந்த மலையில் வண்டி ஓட்டிய ஓட்டுநர் அன்றுதான் முதன்முறையாக முன்மேடையில் நின்று பாதையைப் பார்த்தார். காதைத் தீட்டினார். ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. கை உயர மறுத்தது.

மலை இருமியதுபோல் மேலே ஒரு சத்தம். மறுநொடி மண்ணும் மரமும் பாறையுமாக ஓடை வந்து விழுந்தது. பாலத்தின் நடுப்பகுதி இருந்த இடம் தெரியவில்லை.

வண்டி மெல்லப் பின்வாங்கிக் கீழே இறங்கியது. பாதி வழியில்தான் சம்பந்திக்கு வாய் திறந்தது. "சம்பந்தியம்மா... குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அக்கா! பதிவேட்டில் 'நிறுத்திய காரணம்' என்ற கட்டத்தில் தாங்கள் அன்று எழுதியவை இரண்டே சொற்கள்: 'சத்தம் இல்லை.' அதற்குப் பின் தங்களுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. அந்தப் பச்சைக் கொடியை ஓட்டுநர் திருப்பித் தரவேயில்லை. அதைக் கையில் பிடித்தபடிதான் இந்த மடலை இப்போது வாசிக்கிறார்.

கூர்மை குறையாத காதோடும் தளராத காலோடும் குடும்பம் சூழத் தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். நாளைக் காலை வண்டியில் முதல் பெட்டியின் முன்னிருக்கை தங்களுடையது. சம்பந்தி ஏற்கெனவே பக்கத்து இருக்கையைப் பிடித்துவிட்டார். அந்த வளைவில் வண்டி நிற்கும். ஓடைச் சத்தம் கேட்கிறது என்று தாங்கள் சொன்ன பிறகே நகரும்.

தங்கள் கொடியை நம்பி மலையேறிய,
ஓட்டுநரும் உடன் பணியாளர்களும்