பெயர் மாற்றி வைத்த குரல்

உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சின்னப் பெட்டி வந்து ஏதோ ஒரு கோப்பைக் காணோம் என்கிறதே, சார், அதற்காக அதன் தலையில் தட்ட வேண்டியதில்லை. என்னை உள்ளே வைப்பதாக இருந்தால் அதற்கு முன்னால் நானே சரிசெய்து தருகிறேன். என் தொழிலே அதுதான். விண்டோஸில் எந்த மென்பொருளும் தனியாளாக வேலை செய்வதில்லை. பக்கத்தில் டிஎல்எல் என்று சில துணைக் கோப்புகள் இருக்கும். வேலை வரும்போது அவற்றைக் கூப்பிட்டுக்கொள்ளும். கூப்பிட்டது வரவில்லை என்றால் அந்தப் பெட்டி. பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும்.

யாரும் புகார் கொடுக்கவில்லையே, நீயாக ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். அப்படி ஒரு கோப்பைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். முதல் தடவை அது காணாமல் போனது முழுக்க என் அசட்டுத்தனம்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். தொண்டையில் வந்த நோய்க்குக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன் அவரை நாள்கணக்கில் பேசவைத்துப் பதிவு செய்து, அதிலிருந்து அவர் குரலையே ஒரு மென்பொருளாகச் செய்து கொடுத்திருந்தார்கள். கீபோர்டில் தட்டினால் ஸ்பீக்கரில் அவரே பேசுவார். அதை நிறுவித் தரத்தான் அவருடைய மகள் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். நான் அவரை அக்கா என்பேன்.

நிறுவும்போது ஒரு டிஎல்எல் இல்லை என்றது. கண்ட தளத்திலிருந்து ஒற்றைக் கோப்பை இறக்கிச் செருகுகிற ஆள் இல்லை நான். முறைப்படி அதற்குரிய தொகுப்பையே தேடி நிறுவினேன். கிழவர் இரண்டு விரலால் தட்டினார். அறை முழுக்க ஒரு கம்பீரமான குரல் சொன்னது: "பயணிகள் கவனத்திற்கு. டீ ஆறிக்கொண்டிருக்கிறது."

அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்ததுதான் வந்தோம், குப்பையையும் கூட்டிவிட்டுப் போவோம் என்று என் துப்புரவு மென்பொருளை ஓட்டிவிட்டு வந்தேன். அது குப்பையோடு சேர்த்துக் குரல் கோப்பையும் வாரிப் போட்டது. மறுநாள் அவர் கம்ப்யூட்டரைத் திறந்தால் பெட்டி. எழுத்தைத் தட்டலாம், தட்டியதை அது பத்திரமாக வைத்தும் கொள்ளும். பேச மட்டும் வராது.

ஓடினேன். கிழவர் வாசலிலேயே நின்றிருந்தார். என் கையைப் பிடித்து நாற்காலிவரை இழுத்துக்கொண்டு போனார். சரிசெய்ததும் அவர் முதலில் தட்டியது: "தம்பி, நீ வரலைன்னா நான் வெறும் பொம்மை."

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், சார். என் பிழைப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடினால் யாருக்கும் என் ஞாபகமே வராது. கடைக்கு வருகிறவர்கள் கம்ப்யூட்டரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். என் அறையில் நான் பேசினால் பல்லிகூடத் திரும்பாது. அந்த வீட்டில் எனக்கென்று ஒரு டீக் கோப்பை இருந்தது. சாப்பிட்டுவிட்டாயா என்று கேட்டார்கள். பேச்சுவாக்கில் கேட்கவில்லை, பதில் வரும்வரை காத்திருந்து கேட்டார்கள்.

இரண்டாவது தடவை அது அசட்டுத்தனம் இல்லை.

நான் எதையும் அழிக்கவில்லை. அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை அழிக்க விண்டோஸ் விடாது. ஆனால் பெயரை மாற்ற விடும். கடைசியில் ஒரு எழுத்தைச் சேர்த்தால் போதும். பெயர் மாறிய பிறகும் மென்பொருள் மூடப்படும்வரை பேசிக்கொண்டுதான் இருக்கும், ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றி வைத்திருப்பதால். ஆகவே நான் செருப்பு மாட்டும்போது அவர் நன்றாகவே பேசுவார். பார்த்துப் போ என்பார். மூடிவிட்டு மறுபடி திறக்கும்போதுதான் பெட்டி வரும். அக்கா என்னைக் கூப்பிடுவார். நான் முகத்தைச் சுளித்து, தலையைச் சொறிந்து, இது லேசுப்பட்ட கோளாறு இல்லை என்று சொல்லி, சேர்த்த எழுத்தை எடுத்துவிடுவேன். ஒரு நாள் சும்மா இருப்பேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் போவேன். கிளம்பும் நேரத்தில் விரல் தானாக அந்தப் பக்கம் போய்விடும்.

ஒரு மனிதரின் வாயைக் கட்டி, நானே அவிழ்த்து, அதற்கு டீ வாங்கிக் குடித்தேன். இப்படிச் சொன்னால் ஒரு மாதிரியாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்தபோது அப்படித் தெரியவில்லை. யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்றே நினைத்தேன். ஊமையாக இருந்த பொழுதில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார் என்று அக்கா சொன்னதுண்டு. நான் போனதும் திரும்பிவிடுவாரே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விளையாட்டாக அவரிடம் கேட்பேன், என்னைப் பிடித்துப் போய்க் கூப்பிடுகிறீர்களா, மெஷினுக்காகவா என்று. நடைமேடை மாற்றப்பட்டுள்ளது, பயணிகள் பொறுத்தருளவும் என்பார். எப்படிக் கேட்டாலும் பேருந்தை விட்டு இறங்கவே மாட்டார். நேரான பதில் வரவே வராது.

ஒரு நாள் என் வேலையை முடித்துக் கிளம்பும்போது அக்கா பெருமையாகச் சொன்னார்: "தம்பி, நான் கண்டுபிடிச்சிட்டேன். மூடினாத்தான் இந்தக் கோளாறு வருது. இனிமே நாங்க மூடவே போறதில்ல."

அப்போது நான் பெயரை மாற்றி முடித்திருந்தேன். எதையோ மறந்துவிட்டேன் என்று திரும்ப உட்கார்ந்திருக்கலாம். ஒரு எழுத்துதான். நல்லதாப் போச்சுக்கா என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

அதன்பின் போன் வரவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுப்பேன். எவனோ ஒருவன் பிரின்டர் மக்கர் பண்ணுகிறது என்பான். போய்ச் சரிசெய்துவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கூப்பிடாமல் எப்படிப் போவது? மெக்கானிக் என்றால் கூப்பிட்ட இடத்துக்குப் போகிறவன். எதுக்குப்பா வந்தே என்று கேட்டுவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? தெருமுனைவரை போய்ப் போய்த் திரும்பினேன். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்கும். காய்கறிக்காரரிடம் பேரம் பேசும், யாரையோ கிண்டல் செய்யும். அடியில் ஒன்றுமே இல்லாமல் அது அந்தரத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போதும் எந்த ஸ்பீக்கரில் யார் பேசினாலும் எனக்கு முதுகு சில்லிடுகிறது, சார். சற்று முன் உங்கள் வயர்லெஸ் பேசியபோதுகூட.

ஒரு மதியம் அந்தத் தெருவில் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் அணைந்தது. அவர் மறுபடி திறந்தார். அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மாடிக்கும் கேட்கட்டும் என்று நான்தான் பெரிய ஸ்பீக்கராகப் பார்த்து மாட்டியிருந்தேன். அதிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. அக்கா காலிக் கூடையோடு இறங்கி வந்தபோது அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். திரையில் அந்தப் பெட்டி.

நெஞ்சுவலி. மருத்துவரைப் போய்ப் பார்த்து, சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். வயதாகிவிட்டது என்றார். மின்சார அலுவலகத்து ஆளைக் கேட்டேன். எல்லாத் தெருவிலும்தான் கரண்ட் போகிறது என்றார். நீங்களும் சற்று முன் விதி என்றீர்கள். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

இன்று காலை அக்கா போன் செய்தார். "தம்பி, அப்பா குரலை ஒரே ஒரு தடவை கேக்கணும்."

என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா, சார்? கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் இங்கே வந்து உட்கார்ந்ததற்கே பொருளில்லை.

என் டீக் கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே அந்த ஒரு எழுத்தை எடுத்தேன். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைச் சுளிக்கவோ தலையைச் சொறியவோ எனக்குத் தோன்றவில்லை. மென்பொருள் திறந்தது. அன்று அவர் தட்டி வைத்தது அப்படியே இருந்தது. நான் படிப்பதற்குள் அக்கா பேசு என்ற பொத்தானை அழுத்திவிட்டார்.

"பயணிகள் கவனத்திற்கு. மெக்கானிக் தம்பி, ஃபைலை ஒளிச்சு வைக்கிறது நீதான்னு எனக்குத் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும். நீ வந்தாப் போதும்னு விட்டுட்டேன். ஆனா வாயில்லாம இருக்கிறது கஷ்டமா இருக்குடா. இனிமே எடுக்காதே. கூப்பிடாமலே வரலாம்."

பெட்டியைப் பார்த்ததும், எப்படியும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று எனக்காகத் தட்டி வைத்திருக்கிறார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. அந்தக் குரலுக்குக் கத்தத் தெரியாது. பேருந்து புறப்படும் நேரத்தைச் சொல்லும் அதே நிதானத்தில் அது தொடர்ந்தது.

"அம்மாடி, நெஞ்சு வலிக்குது. கீழ வா. அம்மாடி. அம்மாடி. அம்மாடி."

அக்கா அதை நிறுத்தவில்லை. தட்டியதெல்லாம் தீரும்வரை, மாடிப்படியைப் பார்த்தபடி நின்று கேட்டார்.

ஊரில் எல்லோரிடமும் கேட்டதையே அவரிடமும் கேட்டேன். அன்றைக்கு இந்தக் குரல் வந்திருந்தால் நீங்கள் இறங்கி வந்து அவரைக் காப்பாற்றியிருப்பீர்களா, அக்கா, நான்தான் கொன்றேனா என்று.

அவர் ஸ்பீக்கரை அணைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா, தம்பி."