ஒரே சொல்லை ஓராண்டு நடத்திய சுகுமாரன்

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் திரு. பெத்தபெருமாள் அவர்களே, செயலவை நண்பர்களே, முன்வரிசையில் கணவரின் படத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் தங்கை கலாதேவி அவர்களே, ஈப்போவிலிருந்தும் சிம்பாங் பூலாயிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

எனக்கு மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அது போதாது. மணி அடித்தாலும் நிறுத்த மாட்டேன்.

அமரர் சுகுமாரன் யார்? பட்டதாரியா? இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியரா? அதுவும் இல்லை. தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கிராணியாக, அதாவது சரக்கறைக் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் பதினோரு ஆண்டுகள், ஒரு ஞாயிறுகூடத் தவறாமல், இந்த மண்டபத்தின் பின்னறையில் நம் மக்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். அதில் ஓராண்டு முழுவதும் ஒரே ஒரு சொல்! 'டேக்'!

சிரித்தவர்கள் எத்தனை பேர்! நானும் சிரித்தேன்.

நாம் மருந்து சாப்பிடுகிறோம், பஸ் ஏறுகிறோம், படம் பிடிக்கிறோம், சோதனை எழுதுகிறோம், நாற்காலியில் உட்காருகிறோம். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் போதும் என்பார் சுகுமாரன். அகராதியை நம்ப மாட்டார். வேலை இடத்தில் யாராவது உங்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அந்த வாக்கியத்தை அப்படியே கொண்டுவர வேண்டும். சொன்னவர் யார், எந்த இடம், கேட்டவர் முகம் எப்படிப் போனது, எல்லாவற்றையும் பெரிய நோட்டில் எழுதுவார். நூற்று எண்பத்து நான்கு வாக்கியங்கள் அதில் இருக்கின்றன.

குவாரி லாரி ஓட்டும் சீனி இங்கே இருக்கிறார். ஒரு ஞாயிறு அவர் வாடிய முகத்தோடு வந்தார்.

"அண்ணே, சூப்பர்வைசர் என்கிட்ட 'டேக் யுவர் டைம்'னாரு. என் டைமை எடுத்துக்கிறேன்னு ஓவர்டைமை வெட்டப் போறாரு லா. அதான் ரெண்டு நாளா வேலைக்குப் போகல."

"அட சீனி! அவசரப்படாம லாரியைத் திருப்புன்னு நல்ல மனசுல சொல்லிருக்காரு. நீ வீட்டுல படுத்துக்கிட்டு நெசமாவே வேலைய தொலைக்கப் பார்த்தியே!"

வகுப்பே சிரித்தது. சுகுமாரன் சிரித்து முடித்ததும் வெளியே போய், அந்த சூப்பர்வைசருக்குத் தாமே போன் செய்து பேசினார். சீனி இன்றும் அதே குவாரியில்தான் இருக்கிறார்.

இந்தப் பிடிவாதம் அவருக்கு எங்கிருந்து வந்தது? நாங்கள் இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். எண்பதாம் ஆண்டு அங்கே, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துப் பலகையில் ஒரு கடிதம் தொங்கியது. தோட்டத்தை இன்னொரு கம்பெனி எடுத்துக்கொண்டது என்பதற்கு 'டேக்கன் ஓவர்' என்று எழுதியிருந்தார்கள். ஆட்சேபம் சொல்லப் பதினான்கு நாள். அந்தப் பதினான்கு நாளும் விடியற்காலையில் அதே பலகைக்கு முன்னால் நின்றுதான் பேர் கொடுத்தோம். ஒருவராவது படித்தோமா? படிக்கத் தெரிந்ததா? பதினைந்தாம் நாள் வீடுகளை அளக்க ஆள் வந்தபோதுதான் தெரிந்தது. அன்று சுகுமாரனுக்கு வயது இருபது. எனக்கு இருபத்தேழு. நான் அகராதி வாங்கித் தனியாகப் படித்தேன். அவர் படித்து, மற்றவர்களுக்கும் சொன்னார். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப்போவது மேடைக்குப் பிடிக்காது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நகராண்மைக் கழகத்துக்கு நான் எழுதிய ஆங்கிலக் கடிதத்தைச் சுகுமாரன் ஒன்பது பேர் முன்னால் வாங்கிப் படித்து, "அண்ணே, இத அனுப்பிராதீங்க. நாலு எடத்துல தப்பா இருக்கு" என்றார். அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. போன மார்ச் மாதம் செயலவை கூடியது. சுகுமாரனிடம் சான்றிதழ் இல்லையாம். வகுப்புக்கு வருவது ஆறே பேராம். பின்னறையை டியூஷன் நிலையத்துக்குக் கொடுப்போமா என்று கேட்டார் தலைவர். முதலில் உயர்ந்த கை யாருடையது? என்னுடையது! செயலாளர் என்ற முறையில் அவருக்குக் கடிதம் எழுதியதும் நான்தான்.

அதைப் படித்துவிட்டு அவர் சண்டைக்கு வந்தாரா? இல்லை. "சரிண்ணே, எங்க வீட்டு வாசல்லயே நடத்திக்கிறேன். மழை வந்தா மட்டும்தான் சூசா, கொஞ்சம் கஷ்டம்" என்றார். லகாட்டில் உள்ள அவர் வீட்டு வாசலில் மூன்று ஞாயிறு நடத்தினார். நான்காவது ஞாயிறுக்கு முன் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. இன்று இந்த மண்டபத்துக்குள் படமாகத்தான் திரும்பி வந்திருக்கிறார். மாலை போட்டிருக்கிறோம்! வெட்கமாக இல்லையா நமக்கு?

அவர் சொன்ன நாலு தப்பில் இரண்டுதான் தப்பு. அதை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நான் கை தூக்கியது முழுத் தப்பு. தங்கை கலாதேவி, உங்கள் முன்னால் சொல்கிறேன்: என் ரோஷத்துக்காக ஆறு பேரின் வகுப்பை மூடினேன்.

திங்கட்கிழமை பின்னறையை டியூஷன் நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. ஒப்படைக்க மாட்டேன்!

தினேஸ்வரி, மேலே வாம்மா. கிளினிக்கில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் இவர். சுகுமாரனிடம் படித்து, இன்று அதே கிளினிக்கில் மருந்து கொடுக்கும் இடத்தில் நின்று, எதைச் சாப்பாட்டுக்கு முன்னால் சாப்பிட வேண்டும் என்று நோயாளிகளுக்கு விளக்குகிறார். வகுப்பை இனி நடத்தப்போவது இவர்தான். பிடி, சாவி. இறுக்கிப் பிடி.

தலைவர் அவர்களே, செயலவை என்மீது என்ன முடிவு செய்தாலும் சரி. நான் அந்த அறையில் பின்வரிசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். உங்கள் முடிவைச் சொல்லும் கடிதத்தை அங்கே கொண்டுவந்து கொடுங்கள்.

நண்பர்களே, கை தட்ட வேண்டாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள்.