நரி போட்ட எச்சம்

விடியப்பறம் அஞ்சு மணி. வல்லை வெளி றோட்டு. ரெண்டு பக்கமும் உப்புத் தரவை நிலம், ஒரு வீடு இல்லை, ஒரு லைற் இல்லை. காத்து மட்டும் ஊ... எண்டு. அந்த நேரத்திலை ஒரு பொம்பிளைப் பிள்ளை தனியக் குந்தியிருந்து நரிப்பீ பொறுக்குது.

சிரியாதையுங்கோ. எங்கடை பக்கத்து வீட்டுக் கோபிசங்கரின்ரை மச்சாள், சாருஜா. அரசாங்கத்திலை காட்டுமிருக ஆராய்ச்சி உத்தியோகம். உடுப்பிட்டியிலை வாடகை வீடு. நரி என்ன தின்னுது எண்டு அறியவேணும். அதை நரியிட்டைக் கேக்கேலாதே... பீயை அரிதட்டிலை போட்டு, தண்ணி விட்டுக் கரைச்சு, விரலாலை நசிச்சுப் பார்ப்பா. எலிப்பல்லு, நண்டுக் கோது, மயிர்... சீ! சொல்லவே எனக்கு ஓங்காளிக்குது. அவ கையைக் கழுவிப்போட்டு அந்தக் கையாலையே புட்டுக் குழைச்சுச் சாப்பிடுவா.

ஒருநாள் எச்சத்துக்குள்ளை நீட்டு மயிர். இழுக்க இழுக்க வந்துதாம்... நல்லெண்ணெய் மணத்தோடை.

ஆற்றை மயிர் எண்டு மரபணு சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பினா. அந்த வேலையிலை ஒரு வழக்கம் இருக்கு. பொறுக்கிற ஆள் தன்ரை எச்சிலையும் முதலே குடுத்து வைக்கவேணும். தன்ரை மயிர் கியிர் விழுந்து கலந்தால் பிடிபடும்.

பிடிபட்டுது. மயிர் சாருஜாவின்ரை.

மேலதிகாரி அருட்பிரகாசம் ஃபோனிலை நக்கலடிச்சார். "என்ன பிள்ளை, நரி உம்மைத் திண்டுபோட்டுதோ?"

"சேர், நான் தொப்பி போட்டுத்தான் எடுக்கிறனான். மயிர் மேலை கிடக்கேல்லை. உள்ளுக்கை கிடந்தது."

"உந்தக் கதை வேண்டாம். இன்னொருக்கா இப்பிடி வந்தால் ஆராய்ச்சியும் இல்லை, உம்மடை வேலையும் நிரந்தரமாகாது."

அந்த வேலையை விட்டால் அவவுக்கு வேறை ஒண்டுமில்லை. படிச்சதே அதுக்குத்தான். கலியாணம் பேசி வந்தவையும் நரிப்பீ எண்ட உடனை தேத்தண்ணியை வைச்சிட்டு ஓடிட்டினம். ஆனால் ரோசக்காரி. நேரை சந்நிதி முருகனிட்டைப் போய் மொட்டை அடிச்சா. "இனி எங்காலை மயிர் விழுது எண்டு பார்ப்பம்."

அடுத்த விடியப்பறம், அதே வெளி. அதே இடத்திலை புது எச்சம்... இன்னும் ஆவி பறக்குது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, பைப்படியிலை குந்தி, மூச்சைப் பிடிச்சு நசிச்சா. மயிர் இல்லை. ஒண்டுகூட இல்லை. சந்தோசத்திலை சிரிக்கப் போனா...

டிக்.

அரிதட்டிலை ஏதோ விழுந்துது. கழுவிப் பார்த்தால் பல்லு. மனுசக் கடைவாய்ப் பல்லு, நடுவிலை வெள்ளி அடைச்சது. போன மாசம்தான் பல் டொக்டரிட்டைப் போய் அழுதழுது அடைச்சுக்கொண்டு வந்தவ. தன்ரை பல்லுத் தனக்குத் தெரியாதோ?

நாக்கை மெல்ல வலப்பக்கம் கொண்டுபோனா. பல்லு இருந்த இடத்திலை வெறும் முரசு. வழுவழு எண்டு... நோவு இல்லை, ரத்தம் இல்லை. வாய்க்குள்ளை மட்டும் ஒரு நாத்தம். அவவுக்கு நல்லாய்ப் பழகின நரிப்பீ நாத்தம். ராத்திரி அவ சாப்பிட்டது வெறும் புட்டு.

துப்பினா. அரிதட்டிலை விழுந்தது வெறும் எச்சில் இல்லை...

நண்டுக் கோது.