வால் பலகை

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் சார். நோட்டு பக்கம் பக்கமாகப் பறக்கிறது. உங்களுக்கு வேண்டிய பக்கத்தைத்தான் விரலால் அமுக்கிப் பிடித்திருக்கிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவன் நான். கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து, வண்டி முழுசாக வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது என் இடத்தில் ஒரு சிவப்புத் தகரப் பலகையை மாட்டி அனுப்புகிறார்கள். தகரம் லீவு கேட்காது. பலகை தெரிந்தால் வண்டி முழுசாக வந்துவிட்டது. தெரியாவிட்டால், பின்பக்கத்துப் பெட்டிகள் வழியில் எங்கோ கழன்று நிற்கின்றன. அடுத்த வண்டியை விடக்கூடாது.

ஓய்வு பெற்றபின் எங்கள் மலை ஸ்டேஷனின் பிளாட்பாரப் பெஞ்சே கதி என்று ஆகிவிட்டேன். போகிற வண்டியை எல்லாம் நேரம், பெட்டி எண்ணிக்கை, பலகை என்று நோட்டில் எழுதுவேன். ஸ்டேஷன் மாஸ்டர் என் மருமகன். தங்கமான பையன், என்ன, நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான். வெளியே வந்து வாலைப் பார்க்க வேண்டியவன், உள்ளே இருந்தபடியே குரல் கொடுப்பான்.

"மாமா, வால் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மாப்ளே."

உடனே கீழ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு அடுத்த வண்டிக்கு வழி கொடுத்துவிடுவான். ஆறு வருஷமாக இப்படித்தான். என் வாயிலிருந்து ஒரு தப்பு வந்ததில்லை.

பிறகு அவனுக்குச் சமவெளிக்கு மாற்றல் வந்தது. மகள் முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"அப்பா, நீங்களும் எங்ககூடதான். நாலாவது மாடி, லிஃப்ட் இருக்கு. ரயில் சத்தமே கேக்காது, நிம்மதியா தூங்கலாம்."

"ஜன்னல்ல என்ன தெரியும்?"

"எதிர் வீட்டுத் துணிக்கொடி தெரியும். உக்காந்து எண்ணுங்களேன்."

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டில் பெரியவர்கள் கோபப்பட்டால் நன்றாக இருக்காது.

சாமான் கட்ட நாலு நாள் இருக்கையில், காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு நிலக்கரி வண்டி ஏறி வந்தது. தினமும் நாற்பத்தைந்து பெட்டி. அன்று முப்பத்தெட்டு. கடைசிப் பெட்டியின் முதுகில் வெறும் கொக்கிதான் ஆடிக்கொண்டிருந்தது. மிச்சம் ஏழும் கீழே சுரங்கத்துக்குள் நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஏற்றம் அங்கேதான் அதிகம். பெட்டி கழன்றால் முன்பாதியும் தானாக நின்றிருக்க வேண்டும். ஏன் நிற்கவில்லை என்று உங்கள் இன்ஜினியர்கள் பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அடுத்தவர் பழியை நான் ஏன் சுமக்க வேண்டும்?

"மாமா, வால் வந்துடுச்சா?"

ஒரு சின்ன இடி, ஒரு விசாரணை, மாற்றல் தள்ளிப்போகும். அவ்வளவுதான் நினைத்தேன்.

"வந்துடுச்சு மாப்ளே."

அடுத்த வண்டி சுரங்கத்துக்குள் நுழைய இருபத்தாறு நிமிஷம் இருந்தது. மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பென்சில் முனை மழுங்கியிருந்தது, சீவிக்கொண்டிருந்தேன். அந்த வண்டி டிரைவர் தெரிந்தவர்தான். சுரங்கத்தைத் தாண்டியதும் எனக்கென்று இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அன்று அடிக்கவில்லை. அவரும் அவருடைய உதவியாளரும், ஆக இரண்டு பேர்.

விசாரணையில் மருமகன், "பலகையை நானே கண்ணால பார்த்தேன்" என்று ஒற்றைக்காலில் நின்றான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "மாமா பாவம், வயசாயிடுச்சு, கண்ணு ஏமாத்தியிருக்கும்" என்று மகளிடம் மட்டும் சொன்னானாம். அதுதான் சார் எனக்குப் பொறுக்கவில்லை. இதோ பாருங்கள்: 10.52, பெட்டி 38, பலகை இல்லை. மனிதர்களிடம் முன்னே பின்னே சொல்லலாம். நோட்டில் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: தெரிந்தேதான் சொன்னேன்.

புருஷனை மீட்க அப்பா வந்திருக்கிறார் என்று மகள் வாசலில் நின்று அழுகிறாள். அப்படியே நினைக்கட்டும். சுரங்கத்தை மூடி எட்டு மாதமாகிறது. எங்கள் பாதையில் ஒரு வண்டி கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்தால் காக்கைதான். போன வாரம் சிறையில் மருமகனைப் பார்க்கப் போனேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தூக்கமே இல்ல மாமா. ஜன்னலுக்கு நேரா ரயில் யார்டு. ஓயாம கூட்ஸ் வண்டி, எண்ணி மாளாது."

அந்தச் சிறை மாடியில் இரண்டாவது அறை சார். அவன் காலி செய்ததும் அதையே எனக்குக் கொடுத்தால் போதும். இந்த நோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். புதுசு ஒன்று வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.