கிளியர் காயற வரைக்கும்

இல்லம்மா, அவசரமே இல்ல, நீ நிதானமாவே தை. ஸ்கூல் விடுறதுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கெடக்கு. ஆமா, நான்தான் ஓட்டுறேன் அந்த வேனை. ஏன், ஆம்பளை கையா பொம்பளை கையான்னு பார்த்துட்டா ஸ்டீயரிங் சுத்துது? பிள்ளைங்க எனக்கு ஹாரன் அக்கான்னு பேரு வச்சிருக்குதுங்க. வண்டி ஹாரனை விட என் தொண்டைதான் சத்தமாம். வாஸ்தவந்தான், வண்டி ஹாரன் பாதி நாள் வேலை செய்யாது.

வேன் சீட்டுக் கவர்ல அந்த மூலைதான் பிரிஞ்சிருக்கு. ரெட்டைத் தையல் போட்டுடு, என் உடம்புக்கு ஒத்தைத் தையல் தாங்காது. ஆனா உன் கை இருக்கே, அடேங்கப்பா. எவ்வளவு பொடியா விழுது தையல்! இந்த மாதிரி நான் இன்னொருத்திகிட்டதான் பார்த்திருக்கேன். என் தங்கச்சி. அவளும் சீட்டு தைச்சவதான். என்ன, அவ தைச்ச சீட்டு தீப்பெட்டியில பாதி கூட இருக்காது.

நெஜமாத்தான். குட்டிக் காருக்கு. பொம்மைக் கார்னு வாய் தவறிச் சொல்லிடக் கூடாது, மாடல்னு சொல்லணும். அவ வீட்டுக்காரருக்கு அதுதான் உயிரு. அந்தக் காலத்துக் காருங்க இருக்கும்ல, மூக்கு நீளமா, பின்பக்கம் மீன் வாலு மாதிரி தூக்கிக்கிட்டு, அதையெல்லாம் உள்ளங்கை அளவுக்குப் பண்ணுவாரு. பெட்டியில பாகம் பாகமா வரும். ஆனா வந்தது வந்தபடி ஒட்டினா அவருக்கு ஆகாது. கூரையை அறுத்து இறக்குவாரு, கதவைத் தனியா வெட்டிக் கீல் வைப்பாரு. பானெட்டைத் தூக்கினா உள்ள நூல் மாதிரி ஒயரு ஓடும். பார்த்தா நீயே அசந்து போயிடுவ. நான் ஓட்டுறதும் வண்டிதான், கீறல் விழுந்தா எச்சிலைத் தொட்டுத் துடைச்சிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். அவரு என் வேனைப் பார்க்குறப்ப எல்லாம் முகத்தைத் திருப்பிக்குவாரு, ஏதோ துணியில்லாத ஆளைப் பார்த்துட்ட மாதிரி.

கெட்டவரா? அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, குரல் உசத்திப் பேசினதே கிடையாது. கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு பேரும் ஒரே மேஜையில பூதக்கண்ணாடி விளக்கைப் போட்டுக்கிட்டு தலையோட தலை முட்ட உக்காந்திருப்பாங்க. பழைய தோல் கையுறை இருக்குல்ல, அதை வாங்கிட்டு வந்து தோலை இன்னும் மெல்லிசா சீவிக் குடுப்பாரு, இவ சீட்டு தைப்பா. உன் விரல் மாதிரி இந்த ஊர்லயே கிடையாதும்பாரு. இவளுக்குத் தலைகால் புரியாது. யாரும்மா நம்ம விரலை எல்லாம் பார்த்துச் சொல்லியிருக்காங்க? முதல் தடவை போட்டியில கப்பு வாங்கினப்ப மேடையில இவளையும் கூப்பிட்டு நிக்க வச்சாரு. நான்தான் விசிலடிச்சேன்.

ஆமா, அங்க கிடக்கிறது கூட கையுறை மாதிரிதான் இருக்கு, அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல. ஓ, சும்மா ஒரு சின்ன வேலைக்கா. சரி சரி.

எதுல விட்டேன்? கப்பு. அதுக்கப்புறம்தான் தூசி ஆரம்பிச்சுது. காருக்குப் பெயிண்ட் அடிச்சு, அது மேல கிளியர்னு ஒண்ணு அடிப்பாங்க, கண்ணாடி மாதிரி பளபளன்னு வர்றதுக்கு. அது காயற வரைக்கும் ஒரு பொட்டுத் தூசி விழக்கூடாது. விழுந்தா போச்சு. அதனால அந்த ரூம்ல ஃபேன் போடக் கூடாதுன்னாரு. நியாயந்தானேன்னு இவளும் போடல. அடுத்தாப்ல ஜன்னலைச் சுத்தி டேப்பு ஒட்டினாரு. அதுவும் நியாயந்தான். காட்டன் புடவையில பிசிறு பறக்குதுன்னாரு, மாத்திக்கிட்டா. நான் போனா என் செருப்பு, என் துணி, என் வேன் புகை. அக்கா, நீ போன் பண்ணிட்டு வான்னா. போன் பண்ணினா, இன்னிக்குக் கிளியர் அடிச்சிருக்கு, நாளைக்கு வான்னா. நாளைக்கும் கிளியர்தான்.

ஒரு நாள் கடைத்தெருவுல பார்க்கிறேன், தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கா. இடுப்பு வரைக்கும் தொங்கின முடிம்மா. என்னடின்னா, சிகப்புக் காரு மேல ஒத்தை முடி விழுந்து ஒட்டிக்கிச்சாம், அவரு ஒண்ணுமே சொல்லலையாம். கத்திரிக்கோலை எடுத்து மேஜையில வச்சிட்டு டீ போடப் போயிட்டாராம். நானே வெட்டிக்கிட்டேன்க்கான்னு சிரிக்கிறா. சிரிக்கிறவகிட்ட என்னத்தைச் சொல்றது?

மெஷினை ஏன் நிறுத்திட்ட? நூல் அறுந்துச்சா? கோர்த்துக்கோ, கோர்த்துக்கோ.

கோவமே வராதும்மா அந்த மனுஷனுக்கு. இவ தைச்சதுல ஒரு தையல் கோணிடுச்சுன்னு வை, திட்ட மாட்டாரு. ஒரு டப்பா நிறைய பிரேக் ஆயில் ஊத்தி, முடிஞ்ச காரை அப்படியே உள்ள இறக்குவாரு. பெயிண்ட் எல்லாம் தோல் மாதிரி உரிஞ்சு மிதக்கும். இவளைப் பக்கத்துல உக்கார வச்சுப் பார்க்கச் சொல்லுவாரு. பரவாயில்ல, முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு தலையைத் தடவுவாரு. அந்தக் குரல்ல அவ்வளவு பிரியம் இருக்குமாம். அவரு திட்டியிருந்தா தேவலைக்கான்னு எங்கிட்ட சொன்னா.

அந்த மூடின ரூம்ல தின்னர் நெடியில உக்காந்து உக்காந்து இவளுக்குத் தலைவலி வந்துச்சு, அப்புறம் வாந்தி. பிறகு கை நடுங்க ஆரம்பிச்சுது. நம்ம வீட்டு ஆளுங்களா இருந்தா என்ன பண்ணுவோம்? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம். அவரு மாஸ்கிங் டேப்பை எடுத்து இவ மணிக்கட்டை மேஜையோட சேர்த்து ஒட்டினாரு. இறுக்கமா இல்லையாம், வலிக்காத மாதிரிதானாம். நடுங்காம இருக்கறதுக்காம். அவரு மூக்கு வாயை மூடி ரப்பர் மாஸ்க் போட்டுக்குவாரு. இவளுக்கும் ஒண்ணு கேட்டிருக்கா. கண்ணாடியில மூச்சுப் படிஞ்சு உனக்குத் தையல் தெரியாதேம்மான்னாராம்.

கண்ணாடின்னா, அவ போட்டிருக்கிற மூக்குக் கண்ணாடி. அவரு செஞ்சு குடுத்ததுதான் அதுவும். கண்ணாடிக் கடையில கண்ணு டெஸ்ட் பண்றவரு அவரு. இவ கண்ணைக் காட்டப் போனவதான், அங்கதான் அவரு இவ விரலைப் பார்த்தது. ஐயோ, என்னம்மா, ஊசி ஏறிடுச்சா? காட்டு. வாயில வை, வாயில வை. ரத்தம் கவர்ல பட்டாப் படட்டும், துணிதானே. கொஞ்சம் தண்ணி குடி. நான் இருக்கேன், எங்கேயும் போகல.

சொல்லவா, வேணாமா? நீ கேட்டாச் சொல்றேன்.

சரி. பெரிய போட்டி ஒண்ணு வந்துச்சு. வெளியூர்ல இருந்தெல்லாம் வர்றாங்கன்னு தலைகீழா நின்னு ஒரு கார் பண்ணினாரு. கூரை இல்லாத காரு, உள்ள இருக்கிறது அத்தனையும் பளிச்சுன்னு தெரியும், அதனால சீட்டுதான் அதுல உசுரு. அன்னிக்குக் காலையில கடைசிக் கிளியரை அடிச்சு, காரை ஜன்னலோரமா காய வச்சிட்டாரு, இவ பாட்டுக்கு அங்கேயே உக்காந்து பின் சீட்டைத் தைச்சுக்கிட்டிருக்கா. கடைக்குப் போயிட்டு வந்துடுறேன், கதவைத் தொறக்காத, காத்து வந்துடும்னு சொல்லியிருக்காரு. இவளும் தலையாட்டியிருக்கா. தலையாட்டினதோட விட்டிருக்கலாம்ல? அந்த ரூமை வெளிப்பக்கம் பூட்டி சாவியை எடுத்துட்டுப் போயிட்டாரு.

நான் பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டு சும்மா அந்தப் பக்கமா வந்தேன். அவ சொன்னாலும் சொல்லாட்டியும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போவோம்னு தோணுச்சு. ஏன் தோணுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. வீட்டு வாசக்கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. உள்ள கால் வைக்கிறேன், நெடி மூஞ்சியில அடிக்குது. கூப்பிட்டேன், பதில் இல்ல. அந்த ரூம் கதவுல காதை வச்சாக்கா டக்கு டக்குன்னு ஒரு சத்தம். தரையில எதையோ வச்சுத் தட்டுற மாதிரி. விட்டு விட்டு. எலியா இருக்கும்னு கூட ஒரு நிமிஷம் நெனைச்சேன். அப்புறம் பார்த்தா அவ இடுக்கி, சின்னப் பாகம் எடுக்குறது. கீழ விழுந்து கிடந்து அதால தட்டிக்கிட்டிருக்கா. கத்த மூச்சு இல்ல.

ஓடிப் போய் வேன்ல இருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துட்டு வந்து, பின்னாடி போய் அந்த ஜன்னலை ஒரே போடு. எப்படி உள்ள குதிச்சேன், எப்படி அவளைத் தூக்கினேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. இந்தத் தழும்பு அன்னிக்குக் கிழிச்சதுதான். அவ உதடு நீலமா இருந்துச்சு. வாசல்ல படுக்க வச்சு முகத்துல தண்ணி தெளிக்கிறேன், அக்கம்பக்கத்துல எல்லாரும் வந்துட்டாங்க, அப்பத்தான் அவரு வந்தாரு.

வந்தவரு என்ன பண்ணினாரு தெரியுமா? எங்களைத் தாண்டினாரு. அவ காலை மிதிச்சிடாம பார்த்து ஒதுங்கித்தான் தாண்டினாரு, அதைச் சொல்லணும். உள்ள போனாரு. வெளிய வந்து, கையைத் துடைச்சுக்கிட்டே, அதே மெல்லிசுக் குரல்ல எங்கிட்ட சொல்றாரு. கண்ணாடித் தூள் கிளியர்ல ஒட்டிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு.

அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு வரல. போன் இல்ல. நாங்களும் போலீசு கோர்ட்டுன்னு நடந்தோம், அது இன்னும் நடந்துக்கிட்டேதான் இருக்கு. நல்ல மனுஷனாச்சேன்னு அவரு கடைக்காரங்க சாட்சி சொன்னாங்க. பொய் சொல்லல அவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது அதுதான்.

என்னை எதுக்கு அப்படிப் பார்க்கிற? நான் உன்னைப் பயமுறுத்த வரலம்மா. நான் தினமும் இந்தத் தெரு வழியாத்தான் வண்டி ஓட்டுறேன். போன வாரம் அவரு உன் கடைப் படியில இறங்கி வர்றதைப் பார்த்தேன். கையில ஒரு சின்னப் பொட்டலத்தை, பொறந்த குழந்தையைப் புடிக்கிற மாதிரி புடிச்சுக்கிட்டு வந்தாரு. என்ன பொட்டலம்னு நீ சொல்ல வேணாம். எனக்கு வேண்டாம் அது.

கீழ மருந்துக்கடைக்காரர்கிட்ட பேச்சுக் குடுத்தேன். உனக்குக் கல்யாணம்னாரு. மாப்பிள்ளை ரொம்பத் தங்கமானவரு, பாவம், முதல் சம்சாரம் காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துடுச்சு, அந்தத் துக்கத்தை எல்லாம் அந்தக் குட்டிக் காருலதான் ஆத்திக்கிறாருன்னு அவரு பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறாரு.

போனை எடுக்கிறியா? பண்ணு, தாராளமா பண்ணு. போன் பண்ணி அவரையே கேளு. கோவிச்சுக்க மாட்டாரு. எல்லாத்துக்கும் பொறுமையா பதில் வச்சிருப்பாரு. ஆனா அதுக்கு முன்னால கொஞ்சம் இந்த ஜன்னல் பக்கம் வா. அந்த மருந்துக்கடை வாசல்ல ஸ்டூல் போட்டு ஒருத்தி உக்காந்திருக்கா பாரு, முடி இப்பத்தான் தோள் வரைக்கும் வளர்ந்திருக்கு. மாடி ஏறினா மூச்சு வாங்கும், அதான் கூட்டிட்டு வரல. அவதாம்மா அந்தக் காய்ச்சல்ல செத்தவ.