ஊசியின் மேல் போட்ட பழி

குனிந்து வந்தோரைக் கொஞ்சிப் பேசியே நிமிர்த்தி அனுப்பிய குணக்குன்றே! சௌராஷ்டிர வீட்டுப் பக்குவமும் மதுரைப் பழங்காநத்தத்துக் குசும்பும் பாதிக்குப் பாதி கலந்த இயன்முறை மருத்துவரே! கிரிதரன் ஐயா! பணி நிறைவு பெறும் தங்களைப் போற்றத்தான் கொட்டாம்பட்டிச் சாலையோரத்து இம்மருத்துவமனையே திரண்டு நிற்கிறது. ஆனாலும், தாங்கள் தூக்கிக்கொண்டு போன அந்த நாற்காலியைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும்.

நம் செவிலியர் இஷ்ரத்துக்காக நாங்கள் போட்ட நாற்காலி அது. மகள் ஷிஃபானாவை அறுவை சிகிச்சையில் பெற்றெடுத்த பிறகு இஷ்ரத்தின் இடுப்பில் வலி குடியேறியது. பிரசவத்தில் முதுகில் போட்ட ஊசிதான் காரணம், ஆயுசுக்கும் அப்படித்தான் என்றது ஊர். மருத்துவமனையிலேயே குப்பை கொட்டும் நாங்களும் ஒத்து ஊதினோம். விடியுமுன்பே வலி அவரை எழுப்பிவிடும். இறுகிய இடுப்போடு, மார்கழிப் பனியில் மிதந்துவரும் பேருந்தின் சன்னலோரம் கண்மூடிச் சாய்ந்தால், வலியே இல்லாத வேறொரு இஷ்ரத் கண்மாய்க் கரையில் மகளோடு ஓடுவது தெரியுமாம். பேருந்து குலுங்கும், கனவு கலையும்.

வலி பொறுக்காத ஒரு காலையில், "உன்னைப் பெத்ததுல போன இடுப்புடி இது" என்று மகளிடம் சொல்லிவிட்டார். அதன்பின் அந்தப் பிள்ளை தூக்கச் சொல்லிக் கேட்டதே இல்லை.

நாங்கள் இரக்கப்பட்டு அவரை உட்காரவைத்தோம். நடக்கிற வேலையெல்லாம் பங்கிட்டுக்கொண்டோம். உட்கார உட்கார வலி ஏறியது. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு படுத்துக்கொள்வதென்று அவர் முடிவெடுத்த வாரத்தில்தான் தாங்கள் நாற்காலியைத் தூக்கினீர்கள். ஈவிரக்கமில்லாத மனுஷன் என்று மருந்தகத்து ஜெயபாண்டி ஏசினார். தாங்களோ இஷ்ரத்திடம் நிதானமாகக் கேட்டீர்கள்:

"சிஸ்டர், லீவுல படுத்துக் கெடந்தா வலி கூடுதா, வார்டைச் சுத்தி நடந்தா கூடுதா?"

யோசித்தால் அவருக்கே விந்தையாக இருந்தது. படுத்த நாளெல்லாம் பாறை; நடந்த நாளில், வெயில் ஏறும்போதே இடுப்பு இளகிவிடுகிறது.

"அப்ப ஊசி மேல பழி போடாதீக; காயத்து வலின்னா படுத்தா கொறையணும். கல்யாணத்துக்கு முன்னாடி எப்பவாச்சும் காலைல இப்படி இறுகுச்சா?"

இறுகியது! செவிலியர் பயிற்சி விடுதியில், கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்த விடியல்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அன்றைக்குப் பழி மெத்தையின் மேல். ஷிஃபானா அப்போது பிறக்கவே இல்லை.

தாங்களே மதுரையில் வாதநோய் நிபுணரிடம் அனுப்பினீர்கள். எக்ஸ்ரே காட்டாததை எம்.ஆர்.ஐ. காட்டியது: முதுகெலும்பு இடுப்பைச் சேரும் மூட்டில் அழற்சி. உடம்பின் காவலே உடம்பைத் தாக்கும் நோய். கவனியாது விட்டால் எலும்போடு எலும்பு ஒட்டி முதுகையே வளைத்துவிடுமாம். மருந்தை நிபுணர் தந்தார்; தினப் பயிற்சியைத் தாங்கள் தந்தீர்கள். முற்றாகப் போகாது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கவைக்கலாம் என்றீர்கள். அப்படியே கேட்கவைத்தீர்கள். இன்று வார்டு முழுக்க இஷ்ரத் நடக்கிற வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை, போதுமா!

நோயின் பெயர் தெரிந்த அன்று மாலை வீட்டுக்குப் போன இஷ்ரத், செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளைக் கூப்பிட்டார்.

"அம்மா இடுப்பு வலி உன்னால வந்ததில்லடா. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு."

பிள்ளை மெல்லக் கேட்டாளாம்: "அப்ப நான் உங்க மடியில உக்காரலாமாம்மா?"

ஐயா! தொழுகைக்குப் பின் கேட்கும் துஆவில் அன்றிலிருந்து தங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறாள் அந்தப் பிள்ளை. அதற்கு மேல் நாங்கள் என்ன வாழ்த்திவிடப் போகிறோம்? நோயண்டாது, நிமிர்நடை குன்றாது, நீடூழி வாழ்க!

தங்களை ஏசியும் நேசித்தும் உடன் உழைத்த
மருத்துவமனைப் பணியாளர்கள்