கையில் கட்டிய பட்டை

– இந்த ஆஸ்பத்திரிப் படியிலயே உக்காரு. மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? டாக்டரம்மா சொன்னதுக்கா?

– ஒண்ணுமில்லங்க. வீட்டுக்குப் போயிடலாம்.

– மாத்திரை வாங்கியாச்சு, தண்ணியும் இருக்கு. இப்பவே போடச் சொன்னாங்க.

– அப்புறமா போட்டுக்கறேனே.

– பாரு, அடம் பிடிக்காத. இத்தனை நாளா நீ சொன்னே, "ராத்திரி லாரி போனா நெஞ்சு படபடங்குது, வேற வீடு பாப்போம்"னு. நான்தான் கேக்கல.

– "மகாராணிக்கு மயிலிறகு மெத்தை போடவா?"ன்னு கேட்டீங்க.

– கேட்டேன், இல்லங்கல. நமக்கு டயர் கடை. கீழ லாரி நின்னாத்தான் மேல அடுப்பெரியும். சத்தம் கேக்கலன்னாத்தான் எனக்குப் பயம்.

– உங்களுக்கு எங்க கேக்குது? படுத்தா கட்டை.

– அதேதான். எனக்குக் கேக்கலங்கறதால ஊருக்கே கேக்காதுன்னு நெனச்சுட்டேன். நேத்து பூரா உன் கையில கட்டிவிட்ட பிரஷர் மெஷின் இன்னிக்கு எல்லாத்தையும் காட்டிருச்சு. தூக்கத்துல பிரஷர் இறங்கணுமாம். உனக்கு இறங்கவே இல்லையாம். ஊருக்குள்ள லாரி விடுற நேரத்துலருந்து எகிறிக்கிட்டே இருக்காம்.

– பகல்ல?

– பகல்ல ஒரு குறையும் இல்லன்னாங்களே, நீயும்தானே கேட்டே. ராத்திரிதான் மோசம். ஆள் தூங்கினாலும் காது தூங்காதாம். ஒவ்வொரு லாரிக்கும் இதயம் தூக்கிப் போடுமாம். இப்படியே விட்டா என்னிக்காவது... ச்சே, அது எதுக்கு இப்போ.

– முழுசா சொல்லுங்க.

– பக்கவாதம் வரும்னாங்க. போதுமா? நீ அழாத.

– அந்த மெஷினோட பட்டை இருக்கே, கையை இறுக்கி இறுக்கி விடுதுங்க. கண்ணசந்தா போதும், பிடிச்சுக்குது.

– ஒரு ராத்திரிதானே, பொறுத்துக்கிட்டே. பாரு, என் கையும்தான் காலையில சிவந்து தடிச்சிருந்துச்சு. பஸ் டயர் கழட்டினப்போ பட்டிருக்கும். நான் புலம்பினேனா?

– வலிக்குதாங்க?

– என் கையை விடு. நான் முடிவு பண்ணிட்டேன். பின் தெருவுல ஒரு ரூம் எடுக்கறோம். இன்னிலருந்து ராத்திரி நீ அங்க படு. கடைக்கு மேல நான் பாத்துக்கறேன். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்.

– ஐயோ, வேணாம். நீங்க கடைக்கு மேல படுக்கவே கூடாது.

– இவ யாருடா! பிரஷர் உனக்கா எனக்கா? வாயைத் திற.

– முதல்ல திட்ட மாட்டேன்னு சொல்லுங்க.

– உன்னை நான் எதுக்குத் திட்டப் போறேன்?

– என்னால அந்தப் பட்டையோட தூங்கவே முடியல. நீங்க பக்கத்துல அசையாம கெடந்தீங்க. இவருக்கு எதுவுமே தெரியாதேன்னு பாத்தேன்...

– அதனால?

– மாத்திரையை மூடி வைங்க, திரும்ப உள்ள போவோம். ராத்திரி பூரா அந்தப் பட்டை உங்க கையிலதான் இருந்துச்சு.